விபத்து வழக்கு நடத்த வாருங்கள்: இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, புதிதாகக் கருப்பு அங்கி அணிந்து நீதிமன்றப் படி ஏறத் தொடங்கியிருக்கிறீர்கள். எந்தத் துறையில் காலூன்றுவது என்று உங்களில் பலர் இப்போது யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கிரிமினல், சிவில், குடும்ப நீதிமன்றம், கம்பெனி வழக்கு, ரிட் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் கைகாட்டுவார்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கின் பக்கம் கைகாட்டுபவர் குறைவு. கேட்டால், “ஆக்சிடென்ட் கேஸ்தானே, நாலு பேப்பரைச் சேர்த்துப் போட்டால் பணம் வந்துவிடும்” என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்த வழக்குகளிலேயே கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுதாகப் படித்து, அதை ஆதாரத்தோடு நீதிபதியின் முன் வைக்கும் வேலை இது. அக்கறையோடு செய்பவர் கையில் ஒரு குடும்பம் மீண்டு எழும். ஏனோதானோவென்று செய்பவர் கையில் அதே குடும்பம் இரண்டாம் முறை அடிபடும். அக்கறை உள்ளவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

வேலையின் அளவை முதலில் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் அளவுக்கு, வெறுமனே சாலையில் நடந்து போனவர்கள். விடியற்காலையில் பால் ஊற்றக் கிளம்பியவர், மில்லில் ஷிப்டு முடிந்து பைக்கில் திரும்பியவர், நூறு நாள் வேலைக்குச் சாலையோரமாக நடந்தவர் என்று நமக்குத் தெரிந்த மனிதர்கள்தான் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் நாலு பேரிடம் விசாரித்து நல்ல வக்கீலைத் தேடிக்கொள்வார். மற்றவருக்கு முதலில் கண்ணில் படுபவரே வக்கீல். அந்த முதல் ஆள் நீங்களாக இருக்க வேண்டும்.

இந்த வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமும் இன்றைய சட்டமும் தானாக வந்துவிடவில்லை. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தை நம்பி, சிவில் நீதிமன்றத்தில் முழு வழக்குத் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்த காலம் உண்டு. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-இல் கொண்டுவந்த திருத்தமே தனித் தீர்ப்பாயத்துக்கு வழி திறந்தது. யார் மீது தவறு என்று பாராமல் ஒரு தொகை தர வேண்டும் என்ற கொள்கை 1982-இல் சட்டத்தில் ஏறியபோது, ஓர் உயிருக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988 சட்டம் உயிருக்கு 25,000 என்றது. 1994 திருத்தம் 50,000 என்றது. 2019 திருத்தத்தின்படி 164-ஆம் பிரிவில் இன்று உயிருக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், உயிருக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் 2022 ஏப்ரல் முதல் உண்டு. வழக்கறிஞர்கள் வழக்கு வழக்காக வாதாடியதாலும் நீதிபதிகள் தீர்ப்புத் தீர்ப்பாக எழுதியதாலும் இந்தச் சட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. மீதித் தூரம் உங்கள் தலைமுறையின் பொறுப்பு.

சட்டக் கல்லூரியில் டார்ட் பாடத்தோடு மோட்டார் வாகனச் சட்டத்தையும் சேர்த்துப் படித்திருப்பீர்கள். அகில இந்திய பார் தேர்வையும் முடித்திருப்பீர்கள். அவை கதவு வரை கொண்டுவந்துவிடும். உள்ளே வேலை கற்றுக்கொள்ள ஒரு சீனியர் வேண்டும். மனு எழுதுவது முதல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது வரை உங்களை ஈடுபடுத்துபவரா, வாய்தா வாங்க மட்டும் அனுப்புபவரா என்று பார்த்துச் சேருங்கள். சம்பளம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜூனியரின் உழைப்புக்கு விலை தராத மூத்தவர்கள், அடிபட்டவரின் உழைப்புக்கு விலை கேட்டு வாதாடுவதில் நியாயம் இல்லை என்பதை என் தலைமுறைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களில் பலர் குடும்பத்தில் முதல் வக்கீல். அப்பா லாரி ஓட்டியிருப்பார், அம்மா சித்தாள் வேலைக்குப் போயிருப்பார். சேம்பர் இல்லை, பரம்பரைக் கட்சிக்காரர்கள் இல்லை, நுனிநாக்கு ஆங்கிலம் இல்லை என்ற கவலை உங்களுக்கு இருக்கும். இந்தத் துறையில் நீங்கள் வந்த வீடே உங்கள் பலம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எவ்வளவு வித்தியாசம், சனிக்கிழமைக் கணக்கு எப்படி முடியும், மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை இருக்காது, குத்தகை நிலத்தில் யார் பங்கு எவ்வளவு, ஆடு மேய்ப்பவருக்கு ஆண்டில் எப்போது காசு வரும் என்பதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அது தெரிந்தவரால்தான் கட்சிக்காரரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

அந்தக் கேள்விகளின் மதிப்பை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 34 வயதுக் கொத்தனார் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். நாள் கூலி 900 ரூபாய், மாதம் 20 நாள் வேலை: 18,000 ரூபாய். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி, சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் 40 வயதுக்குள் இருந்தால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும்: 25,200. அவருடைய சொந்தச் செலவுக்கு, நம்பியிருப்பவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் கால் பங்கு கழிக்க வேண்டும் என்பது 2009-இல் சர்லா வர்மா வழக்கு தந்த விதி: 18,900. ஆண்டுக்கு 2,26,800. அதே தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை மல்டிபிளையர், அதாவது ஆண்டு இழப்பைப் பெருக்க வேண்டிய எண், 16. ஆக, வருமான இழப்பு மட்டும் 36,28,800 ரூபாய்.

இப்போது அதே கொத்தனாரின் வருமானத்துக்கு ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. “கூலி வேலை செய்தார்” என்று ஒரு வரியோடு மனு முடிந்துவிட்டது. நீதிமன்றம் உத்தேசமாக மாதம் 12,000 என்று எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். அதே கணக்கு, அதே விதிகள்: 24,19,200 ரூபாய். இரண்டுக்கும் நடுவே 12,09,600 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணம் இரண்டு குழந்தைகளின் படிப்பு. சட்ட நுணுக்கத்தில் தோற்று அது போகவில்லை. வக்கீல் கேட்காமல் விட்டதால் போனது.

கேட்டால் ஆதாரம் கிடைக்கும். மேஸ்திரியின் கூலி நோட்டு இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கும். மகளிர் குழுக் கடனுக்கு மாதாமாதம் கட்டிய தவணை ரசீது இருக்கும். செல்போனில் கூலி வந்த பதிவு இருக்கும். பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம் இருக்கும். வீடு கட்டக் கொடுத்தவர் வந்து சாட்சி சொல்வார். இவற்றைத் திரட்ட ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். அந்தக் குடும்பம் எப்படி ஓடியது என்று நிதானமாகக் கேட்க வேண்டும். அந்த ஒரு நாளை யாரும் கட்டணத்தில் சேர்த்துத் தரமாட்டார்கள். ஆனாலும் போங்கள்.

வீட்டு வேலை மட்டும் செய்துவந்த பெண் இறந்த வழக்கில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். “வருமானம் இல்லை” என்று நாமே மனுவில் எழுதிவிடும் கொடுமை இன்றும் நடக்கிறது. சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து, மாமியாரைக் குளிப்பாட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாட்டுக்குத் தீவனம் வைத்த ஒருவரின் உழைப்புக்கு மதிப்பில்லை என்று எழுத நமக்கு எந்த உரிமையும் இல்லை. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இருந்த அமர்வு, இல்லத்தரசியின் உழைப்பை எப்படி மதிப்பிடுவது என்பதை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பு எழுதியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை நீளமாக மேற்கோள் காட்டியது. இழப்பீட்டுச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டு நீதிமன்றம் தந்த கொடைகளில் அது முக்கியமானது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வைச் சுட்டிக்காட்டியது: கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இல்லத்தரசிக்கும் எதிர்கால உயர்வு சேர்க்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டினால் மட்டும் போதாது. அந்தப் பெண் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்னென்ன செய்தார் என்று கணவரையும் பிள்ளைகளையும் சாட்சிக் கூண்டில் சொல்ல வையுங்கள். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த உழைப்பு அன்றுதான் ஒரு பதிவேட்டில் ஏறும்.

இறந்தவர் வழக்கைவிட உயிர் பிழைத்தவர் வழக்கு கடினம். இங்கேதான் நல்ல வழக்கறிஞர் யார் என்று தெரியும். 2010-இல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருங்கள். மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காடு வேறு, அந்த ஊனத்தால் ஒருவர் இழக்கும் சம்பாதிக்கும் திறன் வேறு என்று அது பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால், அவர் பிழைப்பு ஏறக்குறைய முழுதாகவே போய்விடலாம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். கை ஒன்றுதான், இழப்பு வேறு. இதை வாதாட நீங்கள் கொஞ்சம் மருத்துவம் கற்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பொறுமையாகப் படியுங்கள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது என்றால் அவரால் குந்தி உட்கார முடியுமா, ஏணி ஏற முடியுமா, மூட்டை தூக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தலையில் அடிபட்டவர் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். கணக்குப் பார்க்க முடியவில்லை, திடீர் திடீரென்று கோபம் வருகிறது, வாசனை தெரியவில்லை என்று மனைவி சொல்லும்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிய நிபுணரிடம் அனுப்புங்கள். கேட்டவுடன் சதவீதம் எழுதித் தரும் சான்றிதழ்களைப் பற்றி அந்தத் தீர்ப்பே எச்சரிக்கிறது. அந்தக் குறுக்கு வழியில் போகாதீர்கள். மெடிக்கல் போர்டு முன்னால் போகத் தயங்காதீர்கள்.

இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். 12 வயதில் அடிபட்டு, மூளை பாதித்து, வாழ்நாள் முழுவதும் படுக்கையிலேயே இருக்க நேர்ந்த ஒரு சிறுமிக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் 62.27 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. பராமரிப்பாளர்களுக்கான செலவை ஒரே தொகையாகக் குத்துமதிப்பாகத் தராமல், மாதச் செலவு என்று எடுத்துக்கொண்டு மல்டிபிளையர் முறையில் கணக்கிட்டது. இந்தத் தீர்ப்பு வந்த பிறகும் படுக்கையில் கிடப்பவர் வழக்கில் “உதவியாளர் செலவு 25,000” என்று ஒரு வரி எழுதும் மனுக்கள் தாக்கலாகின்றன. தாய் தன் வேலையை விட்டுவிட்டு மகனைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவர் உழைப்பும் செலவுதான். நீங்கள் எழுதும் மனுவில் டயப்பர், மருந்து, பிசியோதெரபி, சக்கர நாற்காலி மாற்றும் செலவு, உதவியாளர் சம்பளம் என எல்லாம் மாதக் கணக்கோடு இருக்கட்டும். கேட்ட தொகையைவிட அதிகம் தரவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2002-இல் நாகப்பா வழக்கு சொல்லியிருக்கிறது. ஆனால் ஆதாரம் இல்லாத இடத்தில் அந்த அதிகாரத்துக்கு வேலை இல்லை.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கெட்சில் வண்டி நிற்கும் இடத்துக்கும் புகாரில் சொன்ன திசைக்கும் பொருந்தவில்லை என்றால், குறுக்கு விசாரணையில் அதுதான் முதல் கேள்வியாக வரும். முடிந்தால் விபத்து நடந்த இடத்துக்கே போய் நின்று பாருங்கள். 2022 விதிகளின்படி விபத்து பற்றிய முதல் அறிக்கையைக் காவல் துறை 48 மணி நேரத்துக்குள்ளும் விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டார் என்பதால் இழப்பீட்டு வழக்கு முடிந்துவிடாது; இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பது மட்டுமே அவர்கள் மீது பங்குத் தவறைச் சுமத்தப் போதாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காலக்கெடுவை மறக்கவே மறக்காதீர்கள். 1994-இல் எடுத்துவிட்ட ஆறு மாதக் கெடு, 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்திருக்கிறது. அது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த முடிவை நம்பி உட்காராமல், ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். திருப்பூரிலோ கோவையிலோ வேலை செய்து இறந்த பீகார், ஒடிசா தொழிலாளியின் குடும்பம் இங்கே வந்துதான் வழக்குப் போட வேண்டும் என்றும் இல்லை. தாங்கள் வசிக்கும் ஊரிலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. அதை அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல இங்கே ஓர் ஆள் வேண்டும்.

இனி, இந்தத் துறையின் பெயர் கெட்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலிலும் பிணவறை வாசலிலும் தரகர்கள் நிற்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கையெழுத்தை வழக்கறிஞர் சிலருக்கு விற்கிறார்கள். தன் வக்கீல் யார் என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த விதவைகள் என் அலுவலகத்துக்கும் வந்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வழக்கைத் தரகரிடம் விலைக்கு வாங்கினால், அந்த விலையைக் கட்சிக்காரரின் இழப்பீட்டிலிருந்துதான் எடுப்பீர்கள். 2023-இல் வழக்கறிஞர் சட்டத்தில் சேர்ந்த 45ஏ பிரிவு, தரகர்களின் பட்டியல் தயாரித்து அவர்களை நீதிமன்ற வளாகத்திலிருந்து விலக்கவும் தண்டிக்கவும் வழி தருகிறது. சட்டம் இருக்கிறது, வாங்குபவர் இல்லாமல் போனால்தான் விற்பவர் போவார்.

கட்டணத்திலும் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் விபத்து வழக்கறிஞர்கள் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் கட்டணம் பெறுவது சட்டப்படியே நடக்கிறது. 1977-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவும் அனுமதித்தது. நம் நாட்டு வழி வேறு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்வதை விதி 36 தடுக்கிறது. பங்கு பேசுவது தொழில் ஒழுக்கக் கேடு என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். பலர் சதவீதம் வாங்குகிறார்கள். ஆனால் கால் முறிந்த கூலிக்காரர் ஒருவருக்கு வரும் 8 லட்சத்தில் இரண்டரை லட்சத்தை எடுத்துக்கொண்டால், அவர் காலில் ஒரு பகுதியை நாம் எடுத்துக்கொண்டதாகவே அர்த்தம். முதல் நாளே தொகையை நியாயமாகப் பேசி, எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கட்சிக்காரரிடம் கொடுங்கள். தரவே முடியாதவரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். அதன் வழக்கறிஞர் பட்டியலில் நீங்களும் சேருங்கள்.

பொய் வழக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் வழுக்கி விழுந்ததைச் சாலை விபத்தாக்குவதும், காப்பீடு இல்லாத வண்டிக்குப் பதில் காப்பீடு உள்ள வண்டியைக் காட்டுவதும் நடக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்க 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதில் வழக்கறிஞர்களின் பங்கைக் கண்டித்தது. தமிழ்நாட்டிலும் இத்தகைய புகார்கள் விசாரணைக்கு வந்திருக்கின்றன. ஒரு பொய் மனுவின் விலையை அதற்குப் பின்னால் வரும் ஒவ்வோர் உண்மையான மனுதாரரும் கொடுக்கிறார். நீதிபதி அவரையும் சந்தேகத்தோடு பார்ப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்கு வாதாடும் வழக்கறிஞரும் இதில் நமக்குத் துணைதான். பொய்யைப் பிடிப்பது அவர் கடமை. உங்களில் சிலர் அந்தப் பக்கம் நிற்பீர்கள். நில்லுங்கள், உண்மையான வழக்கைக் காலம் கடத்தாமல் சமரசத்துக்குக் கொண்டுவருவதும் உங்கள் கடமை என்பதை நினைவில் வையுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் ஒரே அமர்வில் முடிகிற வழக்கால் ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் மிச்சமாகும். அதே சமயம், அவசரத்தில் இருப்பவரின் பசியைக் காட்டிப் பாதித் தொகைக்குக் கையெழுத்து வாங்கும் சமரசத்துக்கு மனுதாரர் பக்கத்து வழக்கறிஞர் துணைபோகக் கூடாது. கணக்கை எழுதிக் காட்டி, கிடைக்கக்கூடியது இவ்வளவு, இப்போது தருவது இவ்வளவு, காத்திருந்தால் இத்தனை காலம் ஆகலாம் என்று சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள்.

தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று வழக்குக் கட்டை மூடிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தியை எல்லோரும் படித்திருக்கிறோம். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்று, தங்கள் நிதியிலிருந்தே இழப்பீடு தரச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிதி உரிய நேரத்தில் வராதபோது, மனுதாரர் நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற அமீனா வந்து பேருந்தை நிறுத்தும் நிலை வருகிறது. தீர்ப்பை வாங்குவது ஒரு பாதி, பணத்தை வாங்குவது மறுபாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பணம் நீதிமன்றத்தில் வந்து கிடந்தும் உரியவர் கைக்குப் போகாத அவலமும் உண்டு. தீர்ப்பாயங்களிலும் தொழிலாளர் நீதிமன்றங்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் இழப்பீட்டுத் தொகை பற்றி உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்து, 2025-இல் உத்தரவுகள் பிறப்பித்தது. உரியவர் முகவரி மாறியிருப்பார், செல்போன் எண் மாறியிருக்கும், வங்கிக் கணக்கு இருக்காது, தனக்குப் பணம் வந்திருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டியவர், வழக்கு நடத்திய வக்கீல்தான். மனு தாக்கல் செய்யும் அன்றே மனுதாரர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உறவினர் ஒருவரின் எண்ணையும் சேர்த்து வாங்கி வையுங்கள். பணம் நேரே அவர் கணக்குக்கே போகட்டும். பிள்ளைகளின் பங்கை வயது வரும்வரை நிரந்தர வைப்பில் போட உத்தரவு வரும்போது, அது ஏன் என்று தாய்க்கு விளக்குங்கள். வட்டியை எப்போது எடுக்கலாம், படிப்புச் செலவுக்கு அசல் தொகையில் கை வைக்க எப்படி மனுப் போடுவது என்று சொல்லிக்கொடுங்கள். பணம் வந்ததும் மைத்துனரும் கொழுந்தனும் சூழ்ந்துகொள்ளும் வீடுகளில், அந்தப் பெண்ணுக்குச் சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய பாதுகாப்பு.

இந்தத் தொழிலின் பாரத்தையும் மறைக்கப் போவதில்லை. தினமும் துக்கம் கேட்க வேண்டியிருக்கும். மகனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தந்தையிடமிருந்து வாங்கி, அதில் ஒவ்வொரு காயமாகப் படிக்க வேண்டியிருக்கும். உங்கள் மன அமைதிக்கு வழி தேடிக்கொள்ளுங்கள். சக வழக்கறிஞர்களோடு பேசுங்கள். வருமானமும் முதல் சில ஆண்டுகளில் மெதுவாகத்தான் வரும். ஆனால் நேர்மையாக நடத்திய ஒரு வழக்கு, தரகர் இல்லாமலே அடுத்த வழக்கைக் கொண்டுவரும். அந்தத் தெருவே உங்களைப் பற்றிப் பேசும். பத்தாண்டு பொறுமையாக உழைத்தவருக்கு மேல்முறையீட்டுக்காக உயர் நீதிமன்றம் போக வழி திறக்கும். இன்று தீர்ப்பாயங்கள் பின்பற்றும் பல விதிகள், கீழே யாரோ ஒரு வழக்கறிஞர் சரியாகச் சாட்சியம் பதிவு செய்துவைத்த ஒரு மேல்முறையீட்டில் தொடங்கியவைதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் வாரம் உங்கள் மாவட்டத் தீர்ப்பாயத்தில் ஒரு முழு நாள் உட்காருங்கள். சென்னையில் இருப்பவர்கள் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போங்கள். ஊன்றுகோலோடு வந்து கூண்டில் நிற்பவரிடம் அவருடைய வக்கீல் என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் அதே வழக்கை நீங்கள் நடத்தியிருந்தால் எந்த ஆதாரங்களைக் கொண்டுவந்திருப்பீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் நீண்டால், இந்தத் துறைக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். தயங்காமல் வாருங்கள். எங்கள் கட்டுகளையும் அனுபவத்தையும் உங்கள் முன் திறந்து வைப்பது எங்கள் கடமை. அடிபட்ட குடும்பங்களுக்குச் சேர வேண்டியதை ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் உங்கள் மூத்த வழக்கறிஞர்